இருபத்தேழாவது சம்பியனுக்குப் போட்ட சோறு

நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்து ஹவுகன்ஸ்டுவாவில் ராசமலரின் வீட்டுச் சாமியறை ஓர் அலுமாரிதான். மேல்தட்டில் பிள்ளையார், முருகன், துர்க்கை அம்மன். நடுத்தட்டில் திருநீற்றுக் குடுவை, கற்பூரப் பெட்டி, தேவாரப் புத்தகம். கீழ்த்தட்டில் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதையும் தோத்திரக் கொப்பி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ராசமலர் தடுக்கமாட்டார். ஒற்றுவதில் பிழையொன்றும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

அந்தக் கொப்பியில் பிள்ளையார் சுழி போட்டு, கோடு கீறி, அவர் எழுதி வைத்திருப்பது ஜப்பான் நாட்டு மல்யுத்தப் பட்டம் ஒன்றின் வரலாறு. வடக்கு ஜப்பானில் ஒரு சின்னக் கம்பனி நடத்தும் ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம். நூறு கிலோவுக்கு மேல் போகாத மல்லர்களுக்கு மட்டும் உரியது. பொன்னிறத் தகடு பதித்த அகலமான இடுப்புப்பட்டிதான் அதன் அடையாளம். முதலாவது சம்பியன் தொடங்கி இருபத்தேழாவது சம்பியன் வரை, எந்த ஊர் மண்டபத்தில் வென்றார், எத்தனை தரம் பட்டத்தைக் காப்பாற்றினார், கடைசியில் அது எப்படிக் கைவிட்டுப் போனது, எல்லாம் அதில் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. எழுத்துகள் கோலப் புள்ளியைச் சுற்றி வளைத்தது போல வட்ட வட்டமாக இருக்கும்.

இது அவருக்கு எப்படி வந்து ஒட்டியது என்று கேட்டால், எல்லாம் அந்த ஐஸ் செய்த வேலை. பதினைந்து வருடத்துக்கு முன்னர் ஒரு தை மாதம், வேலைக்குப் போகையில் ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. ஆறு கிழமை மாக்கட்டோடு வீட்டில் இருந்தார். கீழ்மாடியில் கரோலினா என்ற போலந்துப் பெண் இருந்தாள். இரண்டு பேரும் ஒரே ஹோட்டலில் வேலை. ராசமலருக்குக் காலைச் சாப்பாட்டு அடுக்களை, கரோலினாவுக்கு அறைகள். இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த நோர்வே மொழிச் சொற்கள் அந்த நாளில் முப்பதைத் தாண்டாது. வாய்ப்பேச்சுக்கு வழியில்லாதபடியால், தம்பி விட்டுப்போன ஒரு பெட்டி நிறைய மல்யுத்த டிவிடிக்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள் அவள்.

முதல் வட்டில் பெரிய உடம்புக்காரர்கள். ஒருவர் மார்பில் ஒருவர் அறைவார்கள், பிறகு நின்று யோசிப்பார்கள். ராசமலர் நித்திரையாகிவிட்டார். இரண்டாவது வட்டில் எடை குறைந்தவர்கள் வந்தார்கள். ஒருவன் மேடையின் மூலைக் கம்பத்தில் ஏறி, அனுமார் போல ஆகாயத்தில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, மற்றவனின் நெஞ்சில் வந்து இறங்கினான். ராசமலர் நிமிர்ந்து உட்கார்ந்த வேகத்தில் மாக்கட்டுக் கால் மேசையில் இடித்தது. நோகவில்லை என்று கரோலினாவுக்குக் கையைக் காட்டினார். அடுத்ததைப் போடு என்றும் அந்தக் கைதான் சொன்னது.

கால் சுகமாயிற்று. மற்றது சுகமாகவில்லை.

கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் பூமாலை கட்டும் பெண்களுக்கு இப்போது அந்தப் பட்டத்தின் கதை பாதி பாடம். மூன்றாவது சம்பியன் முகமூடிக்காரர்; தன் கலியாணத்தன்றும் முகமூடியைக் கழற்றவில்லை. ஆறாவது சம்பியன் பட்டத்தை ரயிலில் மறந்துவிட்டு இறங்கினார். மூன்று நாள் கழித்து, தொலைந்த பொருட்கள் வைக்கும் அறையில், நாற்பது குடைகளுக்கு நடுவே அது கிடந்தது. பத்தொன்பதாவது சம்பியனுக்குக் கழுத்தில் அடிபட்டு, பட்டம் ஏழு மாதம் ஆளில்லாமல் காலியாக இருந்தது. பன்னிரண்டாவது சம்பியன் கதைதான் பெண்களுக்கு விருப்பம். அவர் எடை பார்க்கும் நிறுவை நாளில் முந்நூறு கிராம் கூடிப்போனார். கூடினால் கால் மணித்தியாலம் தருவார்கள். அதற்குள் குறையாவிட்டால் பட்டம் பறிபோகும். மனுசன் அந்த இடத்திலேயே மொட்டை அடித்து, மீசையை வழித்து, மிச்சத்துக்கு ஒரு கோப்பையில் துப்பித் துப்பி நூறு கிலோவுக்குள் வந்து சேர்ந்தார்.

பஸ் ஓட்டும் கணவர் சச்சிதானந்தனுக்கு இதெல்லாம் பகிடி.

"எங்கடை பரம்பரையில ஆறாவது தலைமுறை ஆரெண்டு கேட்டால் உமக்குத் தெரியாது. ஜப்பான்காரன்ரை ஆறாவது ஆளைப் பற்றிக் குடையோடை சொல்லுறீர்," என்பார்.

"உங்கடை ஆறாவது ஆள் எந்தக் கம்பத்தில ஏறிப் பறந்தவர்? சொல்லுங்கோ, எழுதி வைக்கிறன்," என்பார் ராசமலர்.

இப்படி இருக்கையில்தான், போன மாசி மாதம், ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஒரு சுவரொட்டியைக் கண்டார். பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் மல்யுத்தம். அந்தக் கம்பனியின் பட்டம் முதல் தடவையாக ஜப்பானுக்கு வெளியே வருகிறது. இருபத்தேழாவது சம்பியன் முரகோஷி, டிரொன்ட்ஹெய்ம் பக்கத்து இளைஞன் ஒருவனோடு மோதிப் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நிறுவை, ஏழு மணிக்குப் போட்டி. கரோலினா அன்றே இரண்டு ரிக்கற் எடுத்துவிட்டாள்.

இது போதாதென்று, அந்த வெள்ளிக்கிழமை காலை ராசமலர் சீஸ் தட்டத்தோடு சாப்பாட்டு மண்டபத்துக்குள் வந்தால், ஜன்னலோரம் முரகோஷி இருக்கிறார். மொட்டைத் தலை, தலையைவிட அகலமான கழுத்து. முன்னால் ஓர் அவித்த முட்டை, பால் விடாத கோப்பி. சாமி வீதியுலா வந்து தன் வீட்டு வாசலில் நின்றது போல இருந்தது ராசமலருக்கு. தட்டத்தை வைத்துவிட்டுக் கிட்டப் போனார். ஜப்பான் மொழி தெரியாது, இங்கிலீசும் ஓடாது. தெரிந்ததைச் சொன்னார்.

"இவாதேரா," என்று தொடங்கினார். அது முதலாவது சம்பியனின் பெயர். பிறகு இரண்டாவது, மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனார். ஒன்பதாவது பெயரில் அந்தப் பெரிய மனிதர் கதிரையை விட்டு எழும்பினார். பதினாலாவது பெயரை, அது அவருடைய குருவின் பெயராம், அவரும் சேர்ந்து சொன்னார். இருபத்தேழாவதுக்கு ராசமலர் கையைக் காட்ட, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டது போல, "முரகோஷி" என்று அவரே சொல்லிவிட்டு, இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

அதற்குப் பிறகு கதை தொலைபேசியால் நடந்தது. ராசமலர் நோர்வே மொழியில் சொன்னால் அது ஜப்பான் மொழியில் பேசும்.

"இப்ப எத்தினை கிலோ?" என்பதுதான் முதல் கேள்வி.

விடிய நிறுத்துப் பார்த்தாராம். தொண்ணூற்றெட்டு கிலோ எண்ணூறு கிராம்.

ராசமலரின் மனம் கணக்குப் போட்டது. நூறுக்கு இன்னும் ஒரு கிலோ இருநூறு கிராம் இடம் கிடக்கிறது. ஒரு நேரச் சாப்பாடு அரைக்கிலோ வருமா? சரி, முக்கால் கிலோ என்றே வைப்போம். அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கிறது. உலகத்தின் மற்றப் பக்கத்திலிருந்து வந்த ஆள் ஒரு முட்டையோடு மேடையேறப் போகிறார். இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையார் கேட்கமாட்டாரா?

"பதினொரு மணிக்கு என்ரை வேலை முடியும். வீட்டை வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம். ரயிலில அஞ்சாவது நிறுத்தம்," என்றார். அவரோடு வந்திருந்த கிழ நடுவர் இன்னும் நித்திரை. மறிக்க ஆளில்லை. முரகோஷி வந்தார்.

வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடு. குத்தரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்க் குழம்பு, கீரைக் கடைசல், அப்பளம், மோர்மிளகாய். கடைசிக்குப் பாயசம். முரகோஷி முதல் வாயைச் சாப்பிட்டார். பிறகு தட்டை ஒரு பருக்கை இல்லாமல் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

எங்கள் ஆட்களின் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெறுந்தட்டு என்றால் பசி என்று அர்த்தம். போதும் என்கிறவர் தட்டுக்கு மேலே கையை விரித்து மறைக்க வேண்டும். முதல் தரம் மறைத்தால் வெட்கப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, விரல் இடுக்கால் போடுவோம். இரண்டாம் தரம் மறைத்தால் மரியாதைக்குச் சொல்கிறார். மூன்றாம் தரம் மறைத்தால்தான் அது உண்மை. முரகோஷி ஒரு தரமும் மறைக்கவில்லை. ராசமலர் இன்னும் இரண்டு அகப்பை போட்டார். முரகோஷி அதையும் வழித்தார். மறுபடி போட்டார். மறுபடி வழித்தார். ராசமலருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இப்படி ருசித்துச் சாப்பிடுகிற ஆளை இந்த வீட்டுக் கூரை கண்டதில்லை.

ஐந்தாவது தட்டிலும் பாயசத்திலும் கதை நிற்கையில், மகள் டிலக்சி வகுப்பு முடிந்து வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள்.

"அம்மா, இவருக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?"

"காரம் பிள்ளை."

"காரம் இல்லை." டிலக்சி அவரோடு இங்கிலீசில் நாலு வார்த்தை கதைத்தாள். பிறகு தலையில் கையை வைத்தாள். "அம்மா, அவற்றை ஊரில தட்டில மிச்சம் விட்டால் சமைச்ச ஆளுக்கு அவமரியாதையாம். நீங்கள் போடப் போட அவர் முடிக்கத்தான் வேணும். மூண்டாம் தட்டிலயே அவருக்குக் காணுமாம். ரெண்டு பேரையும் இப்பிடியே விட்டால் நாளைக்கும் இதிலதான் இருப்பியள்."

ராசமலரின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "நிறுவை," என்றார்.

குளியலறைத் தராசைக் கொண்டுவந்து நடு விறாந்தையில் வைத்தார்கள். முரகோஷி ஏறினார். நூறு கிலோ எழுநூறு கிராம்.

தராசு பிழையோ என்று பார்க்க, காலை பஸ் ஓட்டம் முடிந்து வந்திருந்த சச்சிதானந்தன் ஏறினார். "எனக்குச் சரியாத்தான் காட்டுது," என்றார். "அதுதான் கவலை."

முரகோஷியின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ராசமலருக்குத் தாங்கவில்லை. நாலு மணிக்கு இந்த எடையோடு ஏறினால் பட்டம் அந்த இடத்திலேயே போகும். அடிபட்டுத் தோற்றால் அது வீரம். ஒஸ்லோவில் கத்தரிக்காய்ப் பால்கறி சாப்பிட்டுப் பட்டத்தை இழந்தார் என்றால்? கொப்பியில் இருபத்தேழுக்கு நேரே "காலி" என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவது? வரலாறு எழுதுகிறவர் வரலாற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. ராசமலர் அகப்பையோடு உள்ளே போய்விட்டார்.

"பன்னிரண்டாவது ஆள் மொட்டை அடிச்சவர்," என்றார் தனக்குத் தானே.

"இவர் வரக்குள்ளயே மொட்டை," என்றார் சச்சிதானந்தன்.

"மீசை?"

"அதுவும் இல்லை. கடவுள் எல்லா வழியையும் அடைச்சிட்டார்."

"பாட்ஸ்டு," என்றாள் டிலக்சி. வெந்நீராவியில் வியர்க்க வைக்கும் அறை. கைப்பேசியில் தேடினாள். கடற்கரைப் பக்கம் எல்லாம் பதிவாகிவிட்டது. ஆறு மணிக்குத்தான் இடம். வெளியே ஓட விடலாம் என்றால் மைனஸ் பதினொன்று. அந்தக் குளிரில் ஐஸ்தான் வரும், வியர்வை வராது.

சச்சிதானந்தன் பகிடியாகத்தான் சொன்னார். "கோயில் நிலத்துக்குக் கீழை சூடு போட்டிருக்கினம். அங்கை கொண்டுபோய் உருட்டி விட்டால் காணும்."

ராசமலர் திரும்பிப் பார்த்தார். அங்கப்பிரதட்சணை. ஈர வேட்டியோடு, வெறும் மேலோடு, சாமியைச் சுற்றி நிலத்தில் உருண்டு செய்யும் நேர்த்திக்கடன். கணவரின் வாயால் இருபத்தேழு வருடத்தில் வந்த முதல் நல்ல யோசனை. ஆனால் உடனேயே மனம் பின்வாங்கியது.

"உது வேர்வைக்குச் செய்யிற வேலையில்லையப்பா. நேர்த்தி வைச்சுச் செய்யிறது. சாமியைத் தராசு ஆக்கலாமோ? கேள் பிள்ளை, அவருக்கு உண்மையா வேண்டுதல் இருக்கோ எண்டு."

டிலக்சி கேட்டாள். முரகோஷி நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். வெல்ல வைக்கும்படி கேட்கமாட்டாராம், வெல்வது தன்னுடைய வேலையாம். நூறுக்குள் கொண்டுவந்து விடும்படி மட்டும் கேட்பாராம்.

"அது நியாயமான வேண்டுதல்," என்றார் ராசமலர். "காரை எடுங்கோ."

கோயிலில் மதியப் பூசை முடிந்திருந்தது. களஞ்சியம் பார்க்கும் அருட்பிரகாசம், எழுபது வயது, எல்லாவற்றுக்கும் முதலில் முடியாது என்று சொல்லிவிட்டுப் பிறகு செய்கிறவர், வாசலில் நின்றார்.

"ஆர் தங்கச்சி உவர்?"

"ஜப்பான் ஆள் அண்ணை. நேர்த்தி ஒண்டு இருக்கு."

"ஜப்பான்காரனுக்கு எங்கடை முருகனட்டை என்ன நேர்த்தி?"

"எடை, அண்ணை."

அருட்பிரகாசம் முரகோஷியை மேலும் கீழும் பார்த்தார். "ஓம், விளங்குது," என்றார். பிறகு, "வேட்டி இல்லாமல் முடியாது," என்றார். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கொடுக்கும்போது வேட்டித் தலைப்பை இழுத்துக் காட்டி, வாசலைக் காட்டி, ஒரு விரலை ஆட்டி ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். முரகோஷி மூன்று தரம் தலையாட்டினார்.

தண்ணீர் வார்த்து, திருநீறு பூசி, முரகோஷி கையைத் தலைக்கு மேலே கூப்பி நிலத்தில் படுத்தார். உருளத் தொடங்கினார். பத்து வயதிலிருந்து விழவும் உருளவும் படித்த உடம்பு. தோளை உள்ளே மடக்கி, கோடு போட்டது போல நேராகப் போனார். எங்கள் ஆட்கள் பின்னால் இரண்டு பேர் நின்று தள்ளி விட்டாலும் தூணில் போய் முட்டுவார்கள். ஐயர் மூலஸ்தான வாசலுக்கு வந்து பார்த்தார். "இருபது வருசத்தில இப்பிடி உருண்ட ஆளை நான் காணேல்லை," என்றார். மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழும்பி வந்தார்கள். முதலில் ஒரு சிரிப்பு இருந்தது. மூன்றாவது சுற்றில் அது நின்றது. யாரோ "அரோகரா" என்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அரோகராதான்.

"எத்தினை சுற்று?" என்று அருட்பிரகாசம் கேட்டார்.

"இருபத்தேழு."

"முடியாது," என்றார். பிறகு விரலை மடித்து எண்ணத் தொடங்கினார்.

ராசமலர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முருகா, பிழை என்னுடையது, எடையை அவரில் வைக்காதே என்று கேட்டார். கண்ணைத் திறந்தபோது, நிலத்துச் சூட்டில் முரகோஷியின் முதுகிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பி நின்றபோது ஆளுக்குத் தலை சுற்றவில்லை. எண்ணிய அருட்பிரகாசத்துக்குத்தான் சுற்றியது.

அப்போது ஐயர் வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். உருண்டவருக்கு இரட்டைப் பங்கு. முரகோஷி இரண்டு கையையும் ஏந்தினார். அந்தக் கையில் விழுந்தால் அது வயிற்றுக்குள் போகும், ஒரு பருக்கை மிஞ்சாது என்று ராசமலருக்கு இப்போது தெரியும். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. ஒரு காலை முன்னே வைத்துக் குறுக்கே புகுந்து, தன்னுடைய கையை அவருடைய கைக்கு மேலே ஏந்தினார்.

"அவருக்காக நான் சாப்பிடுறன் ஐயா."

"தாராளமா," என்றார் ஐயர். ராசமலர் இரண்டு பங்கையும் அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்தார். முரகோஷிக்கு, பொங்கலிலிருந்து பொறுக்கி வைத்த ஒரேயொரு முந்திரிகை வற்றலைக் கொடுத்தார். அதற்கும் அவர் குனிந்து வணங்கினார்.

உடுப்பு மாற்ற நேரமில்லை. வேட்டிக்கு மேலே குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்கள். ஸ்ட்ரோம்மன் மண்டபத்தில் கிழ நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். கரோலினாவும் வந்திருந்தாள். டிரொன்ட்ஹெய்ம் இளைஞன் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு தராசில் ஏறி, தொண்ணூற்றாறு என்று இறங்கினான். முரகோஷி அங்கியைக் கழற்றி, வேட்டியோடு ஏறினார்.

நூறு கிலோ நூறு கிராம்.

நடுவர் மணிக்கூட்டைக் காட்டினார். கால் மணித்தியாலம்.

"அம்மா, வேட்டி," என்றாள் டிலக்சி. "அவர் விட்ட வேர்வை எல்லாம் அதிலதான் நிக்குது. பிழிஞ்சால் ஒரு வாளி வரும்."

ஆனால் முரகோஷி வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். டிலக்சி விசாரித்தாள். கோயிலில் அந்தப் பெரியவர் சொன்னாராம், இதை வெளியே எங்கேயும் கழற்றக் கூடாது என்று. வாக்குக் கொடுத்துவிட்டாராம். பட்டம் போனாலும் வாக்கு வாக்குத்தானாம்.

ராசமலருக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் அழுகை. அப்படி ஒரு முறை உண்டா? அவருக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கோயில் விஷயம், தானாக ஒன்றைச் சொல்லிவிடவும் கூடாது. அருட்பிரகாசத்துக்கு அழைப்பு எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு நிமிடம் போயிற்று. கரோலினா நகத்தைக் கடித்தாள். நாலாவது தரம் எடுத்தார்.

"அண்ணை, வேட்டியை வெளியில கழட்டக் கூடாதெண்டு சொன்னனீங்களோ?"

"ஆர் சொன்னது? அதை வெளியில கொண்டு போகக் கூடாதெண்டு சொன்னனான். அது என்ரை வேட்டி. பட்டுக்கரை. எங்கை அது?"

"ஸ்ட்ரோம்மனில, அண்ணை."

"ஸ்ட்ரோம்மனுக்குப் போயிட்டுதோ? கழட்டி அனுப்பச் சொல்லு தங்கச்சி, உடனை."

ராசமலர் தொலைபேசியைச் சத்தமாக வைத்து, டிலக்சி மொழிபெயர்த்தாள். முரகோஷி தொலைபேசியையே வணங்கினார். சச்சிதானந்தன் தன் சால்வையின் ஒரு முனையையும், கரோலினா மறு முனையையும் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். ராசமலர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வேட்டி தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. தராசு கிரீச்சிட்டது.

"சொல்லுங்கோவனப்பா," என்றார் சுவரைப் பார்த்தபடி.

சச்சிதானந்தன் உடனே சொல்லவில்லை. பதினைந்து வருடமாகப் பகிடி பண்ணின ஆளுக்கு இந்த ஒரு நொடி கிடைத்திருக்கிறது. விடுவாரா?

"தொண்ணூற்றொன்பது எழுநூறு," என்றார் கடைசியில். "உம்மடை ஆள் தப்பிட்டார். நீர் கடைசியாப் போட்ட பாயசம் மட்டும் உள்ளை நிக்குது."

ஏழு மணிப் போட்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. இளைஞன் நல்ல பொடியன், நன்றாக அடி வாங்கினான், கொஞ்சம் கொடுத்தும் பார்த்தான். ஒரு கட்டத்தில் முரகோஷியைத் தலைக்கு மேலே தூக்க முயன்று, பாதியில் இறக்கி வைத்துவிட்டான். "ஐந்தாவது தட்டு," என்றாள் கரோலினா காதுக்குள். இருபதாவது நிமிடத்தில் முரகோஷி மூலைக் கம்பத்தில் ஏறினார். பாய்வதற்கு முன்னர், இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். மண்டபத்தில் இருந்த நானூறு பேரும் அதை ஏதோ ஜப்பான் முறை என்று நினைத்துக் கையைத் தலைக்கு மேலே கூப்பினார்கள். ராசமலர் கதிரையில் ஏறி நின்று "அரோகரா" என்றார். முரகோஷி பறந்தார். நடுவர் மூன்று எண்ணினார். பட்டம் தப்பியது.

அன்றைக்குக் கொப்பியில் எழுதினார்: இருபத்தேழாவது சம்பியன், ஸ்ட்ரோம்மன், ஐந்தாவது தரம் காப்பாற்றினார். எடை 99.7. கீழே ஒரு வரி விட்டு, சின்ன எழுத்தில், "முருகன் துணை" என்று எழுதினார். வேட்டி சலவை செய்து மடித்து அருட்பிரகாசத்திடம் போய்ச் சேர்ந்தது. அது இப்போது களஞ்சியத்தில் தனியாக இருக்கிறது. யாருக்கும் கொடுக்க முடியாது என்கிறார். கேட்டால் எடுத்துக் காட்டுவார்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் விமான நிலையத்துக்குப் போகும்போது முரகோஷி, அந்தக் கத்தரிக்காய்க் கறியை எப்படி வைப்பது என்று டிலக்சியிடம் கேட்டார். வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் ராசமலருக்கு இல்லை. இரண்டு கிலோ மிளகாய்த்தூள், அப்பளம், மோர்மிளகாய், மைசூர்ப்பருப்பு, அதோடு டிலக்சி இங்கிலீசில் எழுதிய பன்னிரண்டு சமையல் குறிப்பு. சித்திரையில் தூள் முடிந்துவிட்டது என்று தகவல் வந்தது. இன்னும் ஒரு பெட்டி போயிற்று.

ஆடி மாதம் ஒரு காலை, டிலக்சி கைப்பேசியைப் பார்த்தபடி அடுக்களைக்குள் வந்தாள்.

"அம்மா, இருந்து கொண்டு கேளுங்கோ. முரகோஷி பட்டத்தைத் திருப்பிக் குடுத்திட்டாராம். எடை நூற்றிமூண்டு நானூறு. இனிக் குறையாதாம். ஹெவிவெயிட்டுக்குப் போறாராம். பெரிய கூட்டம் கூட்டி அறிவிச்சிருக்கினம். ஒருத்தர் காரணம் கேட்டவராம். சொல்லாமல் சிரிச்சவராம்."

ராசமலர் அடுப்பைக் குறைத்தார். கையைக் கழுவி, சாமியறைக் கீழ்த்தட்டிலிருந்து கொப்பியை எடுத்தார். இருபத்தேழுக்கு நேரே "காலி" என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனை நின்றது. காயம் என்று ஏழு இடத்தில் இருக்கிறது. ஓய்வு என்று இரண்டு இடம். பொய் எழுதவும் மனம் இல்லை. மேல்தட்டில் பிள்ளையார் மோதகத்தோடு இருந்தார். அந்த வயிற்றோடு அவர் யாருக்கு என்ன சொல்லப்போகிறார்?

"என்ன எழுதப் போறீர்?" சச்சிதானந்தன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

ராசமலர் கட்டத்துக்குள் வட்ட வட்டமாக எழுதினார்: "விருந்து."

பிறகு கொப்பியை மூடி, கண்ணில் ஒற்றி, உள்ளே வைத்தார். மகளைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏன் பிள்ளை, இந்த ஹெவிவெயிட்டுக்கு மேல் எல்லை எத்தினை கிலோ?"

"எல்லை இல்லை அம்மா. எவ்வளவும் இருக்கலாம்."

"அப்பிடியோ," என்றார் ராசமலர். அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டிகளில் ஆகப் பெரியதை இறக்கினார். அதற்குள் முதலில் மிளகாய்த்தூளை வைத்தார், இந்த முறை நாலு கிலோ.